அப்புறம் அலமாரி

என் ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான். பிடிக்காத ஆளாக இருந்தால் ஒதுங்கிப் போய்விடலாம். வயிற்றெரிச்சல் வந்துவிட்டாலோ காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஆளையேதான் பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றும். அதற்கு வசதியாக எங்கள் இருவருக்கும் ஒரே அறை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் தையல் மெஷின், அந்தப் பக்கம் அவளுடையது, நடுவில் துணி வெட்டும் மேஜை.

வீட்டுக்கு மூத்த மருமகள் நான். அவள் என் கொழுந்தனின் மனைவி. நான் அவளைச் சின்னவள் என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். தொழிலில் அவளைவிட ஆறு வருடம் மூத்தவள் நான். வாசலில் செருப்பைக் கழற்றுகிற ஆளின் தோள் அளவை நாற்காலியிலிருந்தே சொல்லிவிடுவேன். நான் ஒரு சட்டை வெட்டி முடிக்கிற நேரத்தில் அவள் சாக்பீஸால் முதல் கோட்டைப் போட்டு முடித்திருப்பாள். அப்படிப்பட்ட கை எனக்கு. ஆனால் வெட்டியதைத் தைக்க வேண்டும், தைத்ததற்குக் காஜா எடுக்க வேண்டும், காஜாவுக்குப் பட்டன் வைக்க வேண்டும். அங்கேதான் எனக்கு இடுப்பு வலி வரும், தண்ணீர் தாகம் எடுக்கும், பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற சத்தம் கேட்கும்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு மர அலமாரி இருக்கிறது. பாதி தைத்தது, வெட்டி மட்டும் வைத்தது, பட்டன் மட்டும் பாக்கி இருப்பது எல்லாம் அதற்குள் போகும். யாராவது கேட்டால், "அதுவா, அப்புறம் எடுத்துக்கலாம்" என்பேன். என் வீட்டுக்காரர் அதற்கு 'அப்புறம் அலமாரி' என்று பெயர் வைத்துவிட்டார். அவருடைய நல்ல கால்சட்டை ஒன்று அதற்குள் போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குள் அவருக்கு இடுப்பு பெருத்துவிட்டதால் அவரும் இப்போது கேட்பதில்லை.

என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். முதலில் மருந்துக்கடைக்காரர் மனைவி, பிறகு நர்ஸ், பிறகு பள்ளிக்கூட டீச்சர் இருவர். ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத்தான் போவார்கள். அந்தச் சமயங்களில் நான் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை வேகமாக மிதிப்பேன். மெஷினில் நூல் இருக்காது. சும்மா சத்தம் வர வேண்டும் என்பதற்காக மிதிப்பேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். புதன்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மகள் கையில் ஒரு துணிப் பையோடு வந்தாள். படிப்பை முடித்து ஒரு வருடம் கழித்து, முதல் முறையாக ஒரு பெரிய அலுவலகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை போக வேண்டும். நல்ல சாம்பல் நிறத் துணி, கோட்டுத் தைக்க வாங்கியிருந்தாள். கடையில் அந்தத் துணியில் அவ்வளவுதான் மிச்சம் இருந்ததாம். நான் மெஷினிலிருந்து எழுந்து கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் மேஜைக்கு அந்தப் பக்கம் பையை வைத்தாள்.

"சித்தி, திங்கக்கிழமைக்கு வேணும்."

சின்னவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் மகளைப் பார்த்தாள். "உங்கம்மா வெட்டுனா இன்னும் நல்லா விழுமே குட்டி."

"வெட்டுறதுல சந்தேகமே இல்ல சித்தி." மகள் என் பக்கம் திரும்பினாள். "நீ தப்பா நெனச்சுக்காதம்மா. எனக்கு இந்தத் திங்கக்கிழமைக்கு வேணும்."

இந்தத் திங்கட்கிழமை என்று அழுத்திச் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே, "எனக்கென்னடி, எனக்கே தலைக்கு மேல வேலை" என்றேன். உட்கார்ந்து மெஷினை மிதித்தேன். நூல் இல்லாமல்தான்.

என் மகளின் உடுப்பு என் கையைத் தாண்டிப் போவது இது இரண்டாவது முறை. மகளுக்கு ஏழு வயதில் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு மஞ்சள் கவுன் வேண்டியிருந்தது. நான் தைத்துக்கொண்டிருக்கும்போதே சின்னவள் முந்திக்கொண்டு ஒரே மத்தியானத்தில் பச்சையில் ஒன்று தைத்து மாட்டிவிட்டாள். எல்லோரும் மஞ்சளில் ஆட, என் மகள் மட்டும் பச்சையில் ஆடினாள், சித்தி தைத்தது என்று ஊர் முழுக்கச் சொன்னாள். அதன் பிறகு ஒரு மாதம் நான் சின்னவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு இரண்டு பையன்கள். துணி என்றால் உடம்பை மூடுகிற சமாச்சாரம் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் என் மகளைப் பிடித்துக்கொண்டாள் என்று பதினைந்து வருடமாக எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

புதனும் வியாழனும் அவளை வேவு பார்த்தேன். என்னதான் அப்படிச் செய்கிறாள் என்று தெரிய வேண்டாமா. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வேலைக்கு உட்காரும் முன்னால் ஏழெட்டு பாபினில் வேண்டிய நிற நூல்களையெல்லாம் சுற்றி, மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வரிசையாக வைத்தாள். கத்தரியை நாடாவில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டாள். குண்டூசிகளைச் சட்டைக் கையிலேயே குத்திக்கொண்டாள். தண்ணீர் பாட்டில் காலடியில். பிறகு உட்கார்ந்தவள் இரண்டு மணி நேரத்துக்கு அசையவில்லை. ஒரு துணி முழுதாக முடிந்து மடித்து ஓரத்தில் போன பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்து ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினாள். குறட்டை வேறு. எனக்குக் காதில் புகை வராத குறை. நாளெல்லாம் தூங்காமல் நிற்கிறேன், நடக்கிறேன், தேடுகிறேன், பெயர் என்னவோ அவளுக்கு.

வெள்ளிக்கிழமை கோட்டை வெட்டினாள். வெட்டிய துண்டுகளை ஒன்றாகச் சுருட்டி நாடாவால் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் தம்பியிடமிருந்து போன் வந்தது. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், சனிக்கிழமையே செய்கிறார்களாம்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்துடுவேன் குட்டி. தைக்க அரை நாள் போதும், கவலப்படாத" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை காலை அறையில் நானும் அந்த மூட்டையும் மட்டும் இருந்தோம்.

யோசிக்கவெல்லாம் இல்லை. இது என் மகளின் கோட்டு. நான் தைத்து முடித்து ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாட்டிவிட்டால், சின்னவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது செய்வதற்கு அவளுக்கு ஒன்றும் இருக்காது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. மூட்டையைப் பிரித்தேன். முன்பக்கத் துண்டுகள் இரண்டு, முதுகுத் துண்டுகள் இரண்டு எடுத்துக்கொண்டேன். கைத் துண்டுகள் சுருளின் நடுவில் இருந்தன. அவற்றை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டேன். அளவு நாடா மேஜையின் அந்த ஓரத்தில் கிடந்தது. எழுந்து எடுக்கச் சோம்பல். எனக்கு எதற்கு நாடா, கண்ணே நாடா.

என்ன வேகம் தெரியுமா. முதுகு நடுத் தையல், இரண்டு பக்கத் தையல், தோள் எல்லாம் காலை பதினொரு மணிக்குள் முடிந்துவிட்டன. பாபினில் நூல் தீர்ந்தபோது புதிதாகச் சுற்றிக்கொண்டிருக்காமல், தட்டிலிருந்து அவளுடையதையே எடுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பொறாமை இவ்வளவு சுறுசுறுப்பைக் கொடுக்கும் என்றால் இத்தனை நாள் பட்ட பொறாமைக்கு நான் ஒரு தொழிற்சாலையே நடத்தியிருக்கலாம்.

கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது என்னவோ சின்னதாகத் தெரிந்தது. மகளின் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தேன். கோட்டு, சட்டைக்குள் இருந்தது. அப்போதுதான் போய் அளவு நாடாவை எடுத்தேன். சுற்றளவில் மூன்று அங்குலம் குறைந்தது.

கைத் துண்டுகளையும் அளந்து பார்க்கலாம் என்று மிச்சச் சுருளைப் பிரித்தேன். நடுவில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. சின்னவளின் குண்டுக் கையெழுத்து. 'தையலுக்கு அரை அங்குலம்தான் விட்டிருக்கு. துணி பத்தல.'

தைக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெட்டும்போது உள்ளே மடித்துத் தைப்பதற்கென்று ஓரத்தில் கொஞ்சம் துணி விடுவோம். அது ஆளுக்கு ஆள் மாறும். நான் எப்போதும் ஒரு அங்குலம் விடுவேன். அந்தப் பழக்கத்தில், அவள் வெட்டியதை என் கணக்கில் தைத்துவிட்டேன். ஓரத்துக்கு அரை அங்குலம் அதிகம் உள்ளே போனது, ஆறு ஓரத்துக்கு மூன்று அங்குலம். அடுத்தவள் வெட்டிய துணியை அளக்காமல் தொடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் வாரம் கற்றுக்கொள்கிற பாடம்.

பிரித்துத்தான் தைக்க வேண்டும். நெருக்கமான தையல், பொடி நூல், பிரிப்பதற்கு முழு நாள் பிடிக்கும். என் இடுப்பு வலி வந்தது. தண்ணீர் தாகம் எடுத்தது. போய்க் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கோட்டு மேஜைமேல் இல்லை. அலமாரிக்குள் இருந்தது. நான்தான் வைத்திருக்கிறேன். என் கை என்னைக் கேட்காமலே அதை அங்கே கொண்டுபோயிருக்கிறது. சத்தியமாக எனக்கு நினைவில்லை.

மத்தியானம் மகள் உள்ளே வந்தாள். அவளுடைய ஷூவைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கிக் கொண்டுவந்து காட்டினாள்.

"முகம் தெரியுதா பாரும்மா."

"தெரியுது."

"சித்தி வந்துடுவாங்கல்ல? கோட்டு மட்டும் சரியா வந்துட்டா எனக்குப் பயமே இல்ல. அங்க வர்றவங்க எல்லாம் நல்லா உடுத்திட்டு வருவாங்க."

"வந்துடுவா, போ."

அவள் நின்ற இடத்துக்கு நேர் பின்னால் அலமாரிக் கதவு சரியாக மூடாமல், சாம்பல் நிறத்தில் ஒரு ஓரம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் திரும்பியிருந்தால் பார்த்திருப்பாள். திரும்பாமல் போய்விட்டாள். திங்கட்கிழமை காலை இவள் பழைய சட்டையோடு அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால், அதற்கு நான்தான் காரணம் என்றால், ஆயுசுக்கும் இவள் எனக்கு ஒரு கைக்குட்டைகூடத் தைக்கக் கொடுக்க மாட்டாள்.

அலமாரியிலிருந்து கோட்டை எடுத்தேன். சின்னவளின் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. அவள் செய்வது போலவே பாட்டிலைக் காலடியில் வைத்து, கத்தரியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு தையல் கண்ணை வெட்டி நூலை இழுத்தேன். பிறகு அடுத்தது.

முதல் அரை மணி நேரம் நரகம். நான்கு முறை எழப் போனேன். கத்தரி கழுத்தில் இருந்ததால் அதைத் தேடி எழ முடியவில்லை, தண்ணீர் காலடியில் இருந்ததால் அதற்கும் வழி இல்லை. எழுவதற்குக் காரணமே கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. எனக்கு வேலை செய்வது கசக்கவில்லை, முடிப்பதுதான் பயம். வெட்டி வைத்த துணியில் ஒரு குறையும் இருக்காது, பார்க்கிறவர்கள் எல்லோரும் ஆகா என்பார்கள். முடித்துக் கொடுத்தால்தான் போட்டுப் பார்ப்பார்கள், கழுத்துப் பிடிக்கிறது, கை இறங்குகிறது என்பார்கள். என் வேகக் கைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று எல்லாவற்றையும் பாதியிலேயே பூட்டி வைத்திருக்கிறேன். வெளியே அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். சரியான பெயர்தான்.

இருட்டும் வரை பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். கடைசித் தோள் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் பையோடு உள்ளே வந்தாள். அவள் நாற்காலியில் நான், என் மடியில் கோட்டுத் துண்டுகள், தரை முழுக்கச் சாம்பல் நிற நூல். அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. துண்டைக் கையில் எடுத்து ஊசித் துளை வரிசையைப் பார்த்தாள்.

"ஒரு அங்குலம் பிடிச்சிட்டீங்களா?"

"ம்."

"சீட்டுப் பாக்கலையா?"

"அது கைத் துண்டுக்குள்ள இருந்துச்சு."

அவள் துண்டை மேஜைமேல் வைத்தாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். "நீயே தச்சிடு. எனக்கு வேண்டாம் இந்தப் பொல்லாப்பு."

"எனக்கு பஸ்ல வந்த அலுப்பு, படுக்கப் போறேன். பிரிச்ச கையோட நீங்களே தைங்க." சொன்னபடியே பாயை விரித்துப் படுத்தும்விட்டாள்.

"நாளைக்குக் காலைல வேணும்டி."

"உங்களுக்கு மூணு மணி நேரம். எனக்குன்னா ஆறு மணி நேரம்." கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "உங்க கைய பாத்து எனக்கு எத்தன நாள் சோறு இறங்காம இருந்திருக்கு தெரியுமாக்கா? இவ்வளவு கைய வச்சுக்கிட்டு இந்தப் பொம்பள அலமாரியில கொண்டு போய்ப் போடுதேன்னு. எனக்கு அந்தக் கை இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

இத்தனை வருடம் அவள் பக்கத்திலிருந்தும் புகை வந்திருக்கிறது, நான் என் புகையிலேயே இருமிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீ சுறுசுறுப்பு. உனக்கென்ன" என்றேன்.

"நானா? என்னை மாதிரி சோம்பேறி இந்தத் தெருவுலயே கிடையாது. ரெண்டாவது தடவ எழுந்திரிக்கணுமேன்னு நெனச்சாலே எனக்கு அழுகை வரும். அதான் எல்லாத்தையும் பக்கத்துல வச்சுக்குறேன். ஒண்ணை முடிக்காம விட்டா அதை மறுபடி தேடணும், மறுபடி அளக்கணும். யாரால ஆகும்? நீங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ எழுந்து நடக்குறீங்க, எனக்குப் பாத்தாலே மூச்சு வாங்கும்." அதற்கு மேல் குறட்டைதான் வந்தது.

மூன்றரை மணி நேரம் ஆனது. பழைய துளை வரிசையின் மேல் ஈரத் துணி போட்டு இஸ்திரி வைத்தேன், நகத்தால் நீவினேன். வெளியே தெரியவில்லை. பட்டனை வைத்து நூலை அறுத்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. அலமாரியில் படுக்காமல் என் கையிலிருந்து ஒன்று வெளியே போகிறது.

"நீ தச்சதாவே இருக்கட்டும், நான் கெடுத்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று சின்னவளிடம் கெஞ்சிவிட்டேன். மகள் வந்து போட்டுப் பார்த்தாள். தோள் அப்படியே உட்கார்ந்தது. ஓடிப்போய்ச் சின்னவளைக் கட்டிக்கொண்டாள்.

"சித்தி, நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்."

சின்னவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போவது போல இருந்தது, திறக்கவில்லை. அந்தத் தழுவலைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றியது. என் வயிறு எரிந்த எரிச்சலில் இஸ்திரிப் பெட்டிக்கு மின்சாரமே தேவைப்பட்டிருக்காது.

திங்கட்கிழமை காலை மகள் கோட்டோடு கிளம்பிப் போன பிறகு அலமாரியைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்தேன். முடிக்கக் கூடியது, திருப்பிக் கொடுக்க வேண்டியது, ஆள் வளர்ந்துவிட்டதால் இனி உதவாதது. அடித்தட்டில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. உள்ளே மஞ்சள் துணி. சின்ன மார்புத் துண்டு, சின்னக் கைகள். வெட்டியது வெட்டியபடி இருந்தது, ஒரு தையல்கூடப் போடவில்லை. குத்தியிருந்த குண்டூசிகள் துருப்பிடித்து மஞ்சளில் பழுப்பு வட்டம் வைத்திருந்தன.

தைத்துக்கொண்டிருந்தேன் என்றுதான் பதினைந்து வருடம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். யாரும் முந்தவில்லை. விழா அன்றைக்குக் குழந்தைக்கு உடுத்த ஒன்றும் இல்லை, வீட்டில் இருந்த துணியை எடுத்து ஒருத்தி தைத்துக் கொடுத்திருக்கிறாள். அதற்கு ஒரு மாதம் அவளோடு நான் பேசவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சின்னவள் பார்த்தாள், ஆனால் மெஷினிலிருந்து எழவில்லை. எழுகிற ஆளா அவள்.

சாயங்காலம் மகள் வந்தாள். இரண்டு நாளில் சொல்கிறார்களாம். நன்றாகப் பேசியதாகச் சொன்னாள். நான் ஏழு பாபினில் நூல் சுற்றி வைத்துவிட்டு மருந்துக்கடைக்காரர் மனைவியின் பழைய பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். கோட்டைக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து நின்று கையைத் தூக்கினாள்.

"அங்க ரொம்ப நேரம் உக்கார வச்சிட்டாங்கம்மா. பொழுது போகாம கோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். அக்குள் பக்கம் வரிசையா துளை இருக்கு."

நான் ஓரம் அடிப்பதை நிறுத்தவில்லை.

"சித்தி தச்சா ஊசி ஒரு தடவைதான் போகும். அவங்க பிரிச்சு நான் பாத்ததே இல்ல." குரல் இறங்கியது. "எவ்வளவு நேரம்மா பிரிச்ச?"

"முழுசா ஒரு நாள்."

"அலமாரியில போடலையா?"

"போட்டேன். எடுத்துட்டேன்."

அவள் தன் பையைத் திறந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்தாள். மேஜையின் அந்தப் பக்கம் போகாமல் என் மெஷின்மேல் வைத்தாள். "இதுல எனக்கு ஒரு பேன்ட் வேணும்மா."

"எப்ப?"

"நீயே சொல்லு."

"நில்லு, அளவு எடுக்கணும்." நாடா என் கழுத்திலேயே இருந்தது. இடுப்பை அளந்து சீட்டில் எழுதினேன், நீளத்தை அளந்து எழுதினேன், தையலுக்கு ஒரு அங்குலம் என்றும் எழுதினேன். மகள் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முகம் காட்டாமல் நின்றிருந்தாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சின்னவளின் மெஷின் திடீரென்று வேகமாக ஓடியது. தலையைக் குனிந்துகொண்டு மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் மெஷினில் நூல் இல்லை.